சந்திரமதி திருத்திய வரி

சந்திரமதி எங்கே போனாலும் லேபல் படிப்பாள். கல்யாண வீட்டில் தண்ணீர் போத்தலைக் கையில் கொடுத்தால் குடிப்பதற்கு முன் திருப்பிப் பார்ப்பாள். ஒரு தடவை கோயில் அன்னதானத்துக்கு வந்திருந்த ஊறுகாய் டின்னில் காலாவதி தேதி அழிந்திருப்பதைக் கண்டுபிடித்து, பரிமாறியவர்களைப் பாதியில் நிறுத்திவிட்டாள். ஊறுகாய் கிடைக்காத பந்தி அவளைக் கரித்துக்கொட்டியது. அவள் கணவர் மூர்த்தி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். அவருக்கு இதெல்லாம் பழகிப்போயிற்று. இவள் சாப்பிட வரவில்லை, செக்கிங்குக்கு வந்திருக்கிறாள் என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிவிட்டுத் தன் இலையைக் கவனிப்பார்.

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவள் செய்த வேலை அதுதான். மலேசியாவின் பத்து பாகாட் ஊரில் துணி ஆலைகளுக்குப் பின்னால் சத்து மாத்திரை செய்கிற சின்னத் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. அதில் லேபல் அறை அவள் பொறுப்பில் இருந்தது. அச்சகத்திலிருந்து வரும் ஒவ்வொரு சுருளையும், அரசாங்கம் ஒப்புக்கொண்ட மாதிரியோடு வைத்து எழுத்தெழுத்தாக ஒத்துப்பார்க்க வேண்டும். என்னென்ன வைட்டமின், என்னென்ன தாது, ஒவ்வொன்றும் எத்தனை மில்லிகிராம், யார் சாப்பிடக்கூடாது, எங்கே வைக்க வேண்டும், கடைசியில் எம்.ஏ.எல். என்று தொடங்கி N என்ற ஆங்கில எழுத்தில் முடியும் பதிவு எண். அந்தக் கடைசி எழுத்துதான் இது சத்து மாத்திரை என்பதற்கு அடையாளம். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அப்படிப் பார்ப்பாள்.

சத்து மாத்திரை என்றால் மிட்டாய் மாதிரி எவரும் எதையும் அடைத்து விற்கலாம் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இந்த நாட்டில் விற்க வேண்டுமென்றால் பதிவு வேண்டும். மாத்திரைக்குள் எது எந்த அளவைத் தாண்டக்கூடாது என்று வரம்பு உண்டு. போத்தலின்மேல் எதைச் சொல்லலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. உடல்நலம் பேண உதவும் என்று சொல்லலாம், நோயைத் தீர்க்கும் என்று சொல்லக்கூடாது. இந்த வித்தியாசம் சந்திரமதிக்கு மனப்பாடம். மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரு சொல் இடம் மாறியிருந்தால் முழுச் சுருளையும் திருப்பி அனுப்பிவிடுவாள். வேலை முடிந்ததும் ஒட்டிய லேபல், கிழிந்த லேபல், மீந்த லேபல் மூன்றையும் கூட்டினால் கொடுத்த எண்ணிக்கை வர வேண்டும். ஒருநாள் ஒன்று குறைந்தது. அது ஒரு தொழிலாளியின் சப்பாத்து அடியில் ஒட்டியிருப்பதைக் கண்டுபிடிக்கும்வரை ஒருவரையும் தேநீருக்கு விடவில்லை.

இப்படிப்பட்டவள்தான் அந்த ஒரு வரியை மாற்றினாள்.

பன்னிரண்டு வைட்டமினும் ஒன்பது தாதும் சேர்ந்த ஒரு மாத்திரையைக் கம்பெனி புதிதாகக் கொண்டுவந்தது. சிகாமட் பக்கத்துத் தோட்டங்களிலும் ஊர்களில் உள்ள தமிழர் கடைகளிலும் அதை விற்க வேண்டும், அதற்குத் தமிழில் ஒரு துண்டறிக்கை வேண்டும் என்று மேலே முடிவானது. தரப் பிரிவின் தலைவி புவான் நோராய்னி மலாய்க்காரர், மருந்தாளர் படிப்புப் படித்தவர். அவர் மலாய் வாசகத்தைச் சந்திரமதியிடம் கொடுத்துத் தமிழில் எழுதித்தர முடியுமா என்று கேட்டார். ஆறாம் வகுப்புவரை தமிழ்ப்பள்ளியில் படித்ததற்குப் பிறகு தமிழில் எழுதச் சொல்லி அவளிடம் யாரும் கேட்டதில்லை. அகராதி வாங்கினாள். ஒரு வாரம் சமையல் மேசையில் உட்கார்ந்து எழுதினாள். மூர்த்தி அந்த வாரம் பெரும்பாலும் கடைச் சோறுதான் சாப்பிட்டார்.

இரும்புச் சத்தைப் பற்றிய வரி இப்படி வந்திருந்தது: 'சிவப்பு இரத்த அணுக்களின் உருவாக்கத்திற்கு இரும்புச் சத்து துணைபுரிகிறது.' மலாயில் என்ன இருந்ததோ அதேதான், ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை. துண்டறிக்கையும் விளம்பரம்தான் என்பதால் அதற்கும் அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. சில வாரங்களில், துண்டறிக்கையின் அடியில் போட வேண்டிய அனுமதி எண்ணும் வந்தது.

அச்சகம் அனுப்பிய மாதிரிப் படி ஒரு வெள்ளிக்கிழமை அவள் கைக்கு வந்தது. கையெழுத்துப் போட்டுத் திருப்ப வேண்டியதுதான் பாக்கி. ஆனால் தன் எழுத்து அச்சில் வந்திருப்பதை வீட்டில் காட்டாமல் எப்படி? பைக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டாள்.

முதலில் படித்தது ராசம்மா. மூர்த்தியின் அக்காள், அறுபத்தொரு வயது. புருஷன் போனபிறகு தாமான் குடியிருப்பின் முனையில் காலைக் கடை போட்டிருந்தாள், தோசையும் வடையும் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலமும். பிள்ளை இல்லை. தம்பி வீடே தன் வீடு என்று இருந்தவள். அவளுக்கும் சந்திரமதிக்கும் கல்யாணமான புதிதில் முட்டிக்கொண்டதுண்டு. அதெல்லாம் தீர்ந்து, இப்போது தம்பியை இருவரும் சேர்ந்து திட்டும் அளவுக்கு ஒட்டுறவு.

ராசம்மா விரலை வைத்து எழுத்துக் கூட்டி அந்த வரியை மூன்று முறை படித்தாள். பிறகு தாளைக் கீழே வைத்தாள்.

"இது என்னாடி சந்திரா, பரீட்சையில கேட்ட கேள்வியா? ரத்தம் ஊறும்னு போட்டா முடிஞ்சுபோச்சு. யாருக்கும் புரியும்."

ரத்தம் ஊறும். இதைக் கேட்டு வளராத தமிழர் உண்டா? பேரீச்சம்பழம் தின்றால் ரத்தம் ஊறும், பீட்ரூட் தின்றால் ரத்தம் ஊறும், ஆட்டு ஈரல், முருங்கைக் கீரை எல்லாவற்றுக்கும் அதே பேச்சு. அதை மருந்தென்றும் சொல்ல முடியாது, வெறும் சாப்பாடென்றும் சொல்ல முடியாது. சொல்கிறவர் ஆசையாகச் சொல்வது, கேட்கிறவர் ஆசையாகக் கேட்டுக்கொள்வது, அவ்வளவுதான். சந்திரமதி யோசித்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றைத்தானே சொல்கின்றன, இது இன்னும் லேசாக இருக்கிறதே என்று பட்டது. திங்கட்கிழமை அந்த நீண்ட வரியை அடித்துவிட்டு மேலே 'ரத்தம் ஊறும்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். தொழிற்சாலையில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் கையெழுத்தை நம்பி நோராய்னியும் போட்டார்.

ஒப்புக்கொண்ட வாசகத்தில் வேறு யாராவது ஒரு காற்புள்ளியை நகர்த்தியிருந்தால் சந்திரமதி ஒரு ஆட்டமே ஆடித் தீர்த்திருப்பாள். தான் செய்ததில் அவளுக்கு ஒரு உறுத்தலும் இல்லை. விதிகளெல்லாம் அவளுக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் வந்திருந்தன. தமிழில் எழுதியது அவளுக்கு லேபலாகவே தோன்றவில்லை, வீட்டுப் பேச்சாகத் தோன்றியது. அவள் செய்த பிழை முழுவதும் அதில்தான் இருந்தது.

துண்டறிக்கை பத்தாயிரம் படி அச்சாகிக் கடைகளுக்குப் போயிற்று. ராசம்மாவுக்கு ஒன்று கொடுத்தாள். அவள் அதைக் கடை மேசையின் பிளாஸ்டிக் விரிப்புக்கு அடியில், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டாள். தோசைக்குக் காத்திருப்பவர்களிடமெல்லாம் தன் தம்பி பெண்டாட்டி எழுதியது என்று பெருமை பேசினாள். சந்திரமதி வேண்டாம் அண்ணி என்று சொன்னாளே தவிர, உள்ளுக்குள் உச்சி குளிர்ந்துபோயிருந்தாள்.

ராசம்மாவுக்கு அந்தச் சமயத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. மாவு வாளியைத் தூக்கினால் நின்று நின்று நடந்தாள். வயசாகிறது என்றாள். சந்திரமதி தொழிலாளர்களுக்குக் கிடைக்கிற அந்த மாத்திரைப் போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தாள். தினம் ஒன்று, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று லேபலில் இருந்தபடியே சொல்லிக் கொடுத்தாள். ராசம்மா ஒருநாள் தவறாமல் விழுங்கினாள். உடம்பு தெம்பாக இருக்கிறது என்றாள். போத்தல் தீர்ந்ததும் அடுத்தது கேட்டாள். இப்படி ஐந்து மாதம் ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்திரமதி கடைக்குப் போனபோது ராசம்மா அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டே தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து தோசை வார்க்கும் ஆள் இல்லை அவள். கரண்டி பிடித்திருந்த விரல் நகங்கள் வெள்ளைக் காகிதம் போல இருந்தன. கிளினிக்குக்குப் போனீர்களா என்று சந்திரமதி கேட்டாள்.

போனேனே, என்றாள் ராசம்மா, ஏதோ சந்தைக்குப் போனதைச் சொல்வது போல. ஐந்து மாதத்துக்கு முன்னாலேயே போனாளாம். ரத்தம் எடுத்துப் பார்த்து ரொம்பக் குறைவு என்றார்களாம். உள்ளே எங்கேயோ கசிகிறதோ என்னவோ, பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கோப் செய்து பார்க்க வேண்டும் என்று தேதி போட்டுக் கொடுத்தார்களாம். கூடவே இரும்பு மாத்திரை கொடுத்தார்கள், அதைத் தின்றால் வயிறு இறுகிப்போகிறது, வெளிக்குக் கறுப்பாகப் போகிறது, அதனால் நிறுத்திவிட்டாளாம். ஸ்கோப் என்றால் பின்பக்கமாகக் குழாய் விடுவார்களாம். இந்த வயசில் இந்தக் கூத்தெல்லாம் எதற்கு என்று அந்தத் தேதிக்கும் போகவில்லை. தம்பியிடம் சொன்னால் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று அவனிடமும் மூச்சு விடவில்லை.

சந்திரமதி எட்டி அடுப்பைத் தணித்தாள்.

"ஏன் அண்ணி இப்படிப் பண்ணீங்க?"

ராசம்மா கரண்டியாலேயே மேசையைக் காட்டினாள். "அதான் ரத்தம் ஊறும்னு போட்டிருக்கே."

பிளாஸ்டிக்குக்கு அடியில் சந்திரமதியின் துண்டறிக்கை எண்ணெய்க் கறையோடு கிடந்தது.

"அண்ணி, அது நீங்க சொன்னது. நீங்கதான் அப்படிப் போடச் சொன்னீங்க."

"நான் சும்மா பேச்சுக்குச் சொன்னேன். நீ விசாரிக்காமயா போட்டிருப்ப? கீழ கவர்மென் நம்பர்லாம் இருக்குலா."

ராசம்மா ஏமாளி இல்லை. கோழிக்காரன் நிறுவையில் கை வைத்தால் கண்டுபிடிப்பவள். தன் வாயிலிருந்து வந்த பேச்சுதான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்தப் பேச்சு தம்பி பெண்டாட்டியின் மேசைக்குப் போய், அச்சில் ஏறி, கீழே ஒரு எண்ணோடு திரும்பி வந்திருக்கிறதே. ஊருக்கே லேபல் பார்த்துச் சொல்கிறவள் இதைப் பார்க்காமல் விட்டிருப்பாளா என்று நம்பிவிட்டாள்.

அன்று முழுவதும் சந்திரமதி அவளோடு மல்லுக்கு நின்றாள். கிளினிக் மாத்திரை உறையையும் தன் போத்தலையும் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். தினமும் ஆயிரம் தடவை பார்த்த எண் அது, இரும்பு பத்து மில்லிகிராம். நன்றாகச் சாப்பிடுகிற ஒருவருக்குக் குறைவில்லாமல் இருக்க அது போதும். கிளினிக் கொடுத்த மாத்திரையில் அதைப்போல ஆறு மடங்கு இரும்பு. அதுவுமே உள்ளே கசிவதை அடைக்காது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான், ஓட்டை எங்கே என்று முதலில் பார்க்க வேண்டும் என்றாள். மூர்த்தியும் வந்து கத்திப் பார்த்தார். ராசம்மா அசையவில்லை. அச்சில் ஒன்று இருக்கிறது, நீ வாயால் வேறொன்று சொல்கிறாய், எதை நம்புவது என்றாள். குழாய்க்குப் பயந்துகொண்டிருந்தவளுக்கு அந்த இரண்டு சொல் நல்ல மறைவிடமாகிவிட்டது.

இப்படியே விட்டால் அண்ணி செத்துப்போவாள், அதற்குத் தான் எழுதியதே காரணமாகும் என்று சந்திரமதிக்குத் தெரிந்துவிட்டது. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. பத்தாயிரம் படி போயிருக்கிறது. எத்தனை மேசையில் இது கிடக்கிறதோ, எத்தனை பேர் எந்தத் தேதிக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்களோ.

திங்கட்கிழமை காலையில் நோராய்னியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. அனுமதி வாங்கிய தமிழ் வாசகம் வேறு, அச்சானது வேறு, மாற்றியது தான்தான், யாரிடமும் கேட்கவில்லை என்று சொன்னாள். மலாயில் இதற்கு என்ன அர்த்தம் என்று நோராய்னி கேட்டார். ரத்தம் ஊற்றெடுத்துப் பெருகும், ரத்தம் இல்லாதவருக்கு ரத்தம் வரும் என்று அர்த்தம் என்றாள் சந்திரமதி. அதைத் தன் வாயாலேயே மலாயில் சொல்லிக் கேட்டபோதுதான் அவளுக்கே முழுதாக உறைத்தது. மலாயில் இப்படி ஒரு வரி வந்திருந்தால் முதல் பார்வையிலேயே சிவப்புப் பேனாவை எடுத்திருப்பாள்.

நோராய்னி கோப்பைத் திறந்து இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் அந்த வரி தாளின் ஓரம்வரை ஓடியது. மற்றதில் இரண்டே சொல்லோடு நின்றுவிட்டது. தமிழ் படிக்கத் தெரியாவிட்டாலும் நீளம் குறைந்ததைத் தானும் பார்த்திருக்கலாம் என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் சந்திரமதிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிறகு நடக்க வேண்டியவை வரிசையாக நடந்தன. கம்பெனியே அனுமதி கொடுத்த இடத்துக்கு எழுதித் தெரிவித்தது. கடைகளிலிருந்து துண்டறிக்கைகளைத் திரும்ப எடுத்தார்கள். எது தவறு என்று சொல்லித் தமிழிலும் மலாயிலும் கடைகளில் ஒட்ட ஒரு அறிவிப்பு வைத்தார்கள். அதையும் சந்திரமதியே எழுதினாள், ஆனால் இந்தத் தடவை ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை படித்துச் சரி என்று கையெழுத்திட்ட பிறகுதான் அச்சுக்குப் போனது. சந்திரமதியை வேலையைவிட்டு அனுப்பவில்லை. லேபல் அறையிலிருந்து அட்டைப் பெட்டி கட்டும் இடத்துக்கு மாற்றினார்கள். இருபத்திரண்டு வருஷம் இடுப்பில் தொங்கிய அலமாரிச் சாவியைக் கழற்றி மேசையில் வைத்தபோது அவளுக்குத் தாங்க முடியாத வெட்கமாக இருந்தது. கழிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு பெட்டி கட்டப் போனாள்.

அறிவிப்பு அச்சாகி வந்த அன்று வேலை முடிந்து நேரே ராசம்மாவின் வீட்டுக்குப் போனாள். ராசம்மா மறுநாளைக்கு உளுந்து களைந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி, விரல் வைத்துப் படித்தாள். 'ரத்தம் ஊறும் என்று அச்சாகியிருப்பது தவறு. இந்த மாத்திரை ரத்தக் குறைவுக்கு மருந்தல்ல. இதை நம்பி மருத்துவர் கொடுத்த மருந்தையோ சொன்ன பரிசோதனையையோ நிறுத்த வேண்டாம்.' கீழே கம்பெனி முத்திரை இருந்தது.

ராசம்மா அதை இரண்டாம் முறையும் படித்தாள்.

"உன்ன வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?"

"இல்ல அண்ணி. பெட்டி கட்ற இடத்துக்கு மாத்திட்டாங்க."

"எனக்காகவா போய்ச் சொன்ன?"

"உங்களுக்காகத்தான். ஆனா நீங்க மட்டுமா படிச்சீங்க?"

ராசம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. பிறகு எழுந்து உள்ளே போய், ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் கையைவிட்டு, தேதி தவறிப்போன அந்த ஆஸ்பத்திரிக் கடுதாசியை எடுத்துக் கொண்டுவந்து சந்திரமதியின் கையில் கொடுத்தாள்.

புதுத் தேதி மூன்று வாரத்தில் கிடைத்தது. அதற்குள் கிளினிக்கில் மறுபடி ரத்தம் பார்த்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்பி இரண்டு பை ரத்தம் ஏற்ற வைத்தார்கள். ராசம்மா பயந்த குழாய் விஷயம் மயக்க ஊசியில் தெரியாமலே முடிந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து, இவ்வளவுதானா என்று கேட்டாளாம். இதற்கா ஐந்து மாதம் ஓடி ஒளிந்தோம் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. சந்திரமதிக்குச் சிரிப்பு வரவில்லை.

பரிசோதனை முடிவைச் சொல்ல ஆஸ்பத்திரியில் அழைத்த நாளில் மூர்த்தியால் பேருந்தை விட்டுவிட்டு வர முடியவில்லை. இவர்கள் இருவரும்தான் போனார்கள். டாக்டர் இளவயதுக்காரர், மலாய்க்காரர், பொறுமையாகப் பேசினார். குடலில் ஒரு கட்டி இருக்கிறது, அதிலிருந்துதான் இத்தனை நாள் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார். அந்தப் பகுதியை வெட்டி எடுக்க வேண்டும். ஸ்கேனில் பார்த்தவரை வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை, அது நல்ல சேதி, ஆனால் வெட்டி எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். ராசம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடையை எத்தனை நாள் மூட வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

டாக்டர் கோப்பைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். முதலில் கொடுத்த தேதிக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார், குற்றம் சொல்லும் குரலில் இல்லை, எழுதிவைக்க வேண்டும் என்பதற்காக.

சந்திரமதி இந்தக் கேள்விக்காகத்தான் வந்திருந்தாள். தன் துண்டறிக்கையை நம்பித்தான் அண்ணி வரவில்லை என்ற வாக்கியத்தை வழியெல்லாம் மலாயில் மனசுக்குள் அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். நிமிர்ந்து உட்கார்ந்து வாயைத் திறந்தாள்.

ராசம்மா முந்திக்கொண்டாள். "பயந்துட்டேன் டாக்டர். அதான் வரல," என்றாள் மலாயில்.

டாக்டர் குனிந்து எழுத ஆரம்பித்தார். சந்திரமதிக்குப் பழக்கதோஷம், எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகவே அதைப் படித்தாள். நோயாளி பயத்தினால் வரவில்லை. அது பொய்யில்லை. முழுவதும் மெய்யுமில்லை. அந்த வரியில் இன்னொன்றும் சேர வேண்டும் என்று சொல்ல அவள் மறுபடி வாயெடுத்தபோது, மேசைக்குக் கீழே ராசம்மா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். டாக்டர் எழுதி முடித்துக் கோப்பை மூடும்வரை அந்தப் பிடியை விடவில்லை.